ஆறு மகள்களில் மிஞ்சிய கைக்குழந்தை: டெய்ட் குடும்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

1856 மே 8. இங்கிலாந்தின் வடக்கே, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஹால்ஸ்டெட்ஸ் என்ற வீடு. கார்லைல் பேராலயத்தின் டீன் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் டெய்ட் தன் நாட்குறிப்பை எடுக்கிறார். ஒன்பது வாரத்துக்கும் மேலாக அதில் எதுவும் எழுத மனம் வரவில்லை என்று ஆரம்பிக்கிறார். கடைசியாக எழுதியபோது பூமியில் தனக்கு ஆறு மகள்கள் இருந்தார்கள், இப்போது ஒருத்திதான், அவளும் கைக்குழந்தை என்று எழுதுகிறார். கடவுள் தங்களை நடத்திய விதம் புரியவில்லை என்கிறார். ஆனாலும் நம்பிக்கையை விடமாட்டோம் என்கிறார்.

அந்தக் கைக்குழந்தையின் பெயர் லூசி. பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இங்கிலாந்து திருச்சபையின் பெரிய குருமார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த ஆண்டு எந்தப் பதவி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மனைவி இன்னார், பிள்ளைகள் இத்தனை பேர் என்று ஒரே வரியில் குடும்பத்தை முடித்துவிடுவார்கள். டெய்ட்டைப் பற்றியும் அப்படி நிறைய எழுதியிருக்கிறார்கள். ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர், கார்லைல் டீன், லண்டன் பிஷப், கடைசியில் அந்தத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி ஆர்ச்பிஷப். எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், பதவி ஒருவருக்கு வந்திருக்கிறது, வேலை குடும்பம் முழுவதுக்கும் வந்திருக்கிறது. நியமனக் கடிதமும் சம்பளமும் பட்டமும் இல்லாமல் அந்த வேலையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். லூசியின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் இது தெளிவாகத் தெரியும் என்பதால்தான் இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டேன்.

டீன் வீட்டுக்கு வந்த கதை

டெய்ட் 1811-இல் எடின்பரோவில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காரர் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனது அவரிலிருந்துதான். பிறக்கும்போதே பாதங்கள் வளைந்திருந்தன. சிறுவயதில் தகர பூட்ஸ் போட்டு நேராக்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து அங்கேயே ஆசிரியரானார். இங்கிலாந்து திருச்சபையைப் பழைய கத்தோலிக்க மரபுகளின் பக்கம் திருப்ப நினைத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தார். 1841-இல் அவர்களுடைய 90-ஆம் துண்டுப் பிரசுரத்துக்கு எதிராகக் கையெழுத்திட்ட நான்கு ஆசிரியர்களில் இவரும் ஒருவர். அடுத்த ஆண்டு, தாமஸ் ஆர்னால்டு திடீரென்று இறந்துபோக, ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

கேதரின் ஸ்பூனர், பிஷப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆர்ச்டீக்கன் என்ற குரு ஒருவரின் மகள். அவருக்கு மனம் முழுக்க ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் பக்கம். அந்தப் பிரசுரத்தை எதிர்த்த டெய்ட் ரக்பிக்கு வந்துவிடக் கூடாது என்று விரும்பியவர். 1843-இல் அவரையே மணந்தார். வழிபாட்டு முறை பற்றிய கருத்து வேறுபாடு கல்யாணத்தோடு மறைந்துவிடவும் இல்லை. கணவர் பின்னாளில் சடங்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார். மனைவிக்கு அழகான ஆராதனை கடைசிவரை பிடித்திருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் முப்பத்தைந்து ஆண்டு ஒன்றாக இருந்தன.

ரக்பியில் மாணவர் விடுதியின் கணக்கு வழக்கைக் கேதரின்தான் பார்த்தார். சமையலறைச் செலவு முதல் வேலையாட்கள் சம்பளம் வரை அவர் கையில். 1848-இல் டெய்ட்டுக்குக் கடும் மூட்டுக் காய்ச்சல் வந்து, பிழைப்பாரா என்ற நிலை. பிழைத்தார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. பெரிய பள்ளியை நடத்தும் உடம்பு இல்லை. அந்த நேரத்தில் 1849-இல் கார்லைல் டீன் பதவி வந்தது.

டீன் என்றால் பேராலயத்தின் தலைமைக் குரு. பிஷப்புக்குத் திருமண்டலம் முழுவதும் பொறுப்பு. பேராலயத்தின் ஆராதனை, கட்டடம், பாடகர் குழு, வரவு செலவு எல்லாம் டீனின் பொறுப்பு. பேராலய வளாகத்துக்குள்ளேயே வீடு கொடுப்பார்கள். கார்லைல் டீன் வீடு பழைய மடத்தின் மிச்சம். அதில் ஒரு கோபுரமும், 1500-களின் தொடக்கத்தில் வண்ணம் தீட்டிய மரக்கூரை உள்ள அறையும் உண்டு. ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர்ப்பிரதேசம். டெய்ட் அங்கே இருந்த காலத்தில்தான் பேராலயத்தைப் பழுதுபார்க்கும் பெரிய வேலை 1853-இல் தொடங்கியது.

1856 பிப்ரவரியில் அந்த வீட்டில் ஏழு பிள்ளைகள். மூத்தவள் கேட்டி, ஏறக்குறைய 10 வயது. அடுத்து மே, எட்டு வயது. பிறகு ஒரே மகன் கிராஃபர்ட். அவனுக்குப் பின் சாட்டி, ஃபிரான்சிஸ், சூசன். கடைசியாக, அந்த மாதமே பிறந்த லூசி.

ஐந்து வாரம்

மார்ச் முதல் வாரம். கேதரின் பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்து நடமாட ஆரம்பித்த நேரம். சாட்டிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை. மார்ச் 6-ஆம் தேதி போய்விட்டாள்.

ஸ்கார்லெட் ஃபீவர் என்னும் செங்காய்ச்சல். தொண்டை வீங்கும், நாக்கு சிவக்கும், உடம்பெல்லாம் செந்தடிப்பு வரும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் குழந்தைகளை அதிகம் கொன்ற நோய்களில் ஒன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிதான் காரணம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டில் ஒன்றாக உண்டு, உறங்கி, விளையாடும் பிள்ளைகளுக்குள் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் வந்து பார்க்கலாம், நோயுள்ள பிள்ளையைத் தனி அறைக்கு மாற்றலாம், மற்ற பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பலாம். அதற்குமேல் அவர் கையில் எதுவும் இல்லை.

சாட்டிக்குப் பின் சூசன், ஒன்றரை வயது. அதன்பின் ஃபிரான்சிஸ், நான்கு வயது நிறையாதவள். பிறகு மூத்தவள் கேட்டி. கடைசியில் மே, ஏப்ரல் 8-ஆம் தேதி. முதல் மரணத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே 33 நாள்.

அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23-ஆம் தேதி. பெரிய வெள்ளியும் உயிர்த்தெழுதல் ஞாயிறும் இந்த 33 நாட்களுக்குள்தான் வந்தன. வேறு எந்தத் தொழிலில் இருக்கும் தகப்பனும் கதவைச் சாத்திக்கொண்டு துக்கத்தில் இருக்கலாம். டீன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பேராலயம். உயிர்த்தெழுதலின் பாடல்களைப் பாடவேண்டிய பீடமும், குழந்தைகளை வைத்திருந்த அறைகளும் ஒரே வளாகத்தில். அந்த வாரத்தில் அந்த வார்த்தைகளைக் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. ஆனால் அந்தப் பெற்றோர் இருவரும் அதே வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள் என்பதற்கு அவர்கள் எழுதியவையே சாட்சி.

ஐந்து பேரையும் அடக்கம் செய்தது நகருக்கு வடக்கே ஸ்டான்விக்ஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். பேராலயத்திலிருந்து அங்கே போக ஈடன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கவேண்டும். ஒருமுறை போய்த் திரும்பி, வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்து, மறுபடியும் அதே பாலம். அப்படி ஐந்து முறை.

மகன் கிராஃபர்ட் தப்பினான். லூசியும் தப்பினாள். அந்த நாட்களில் தாய் எந்தப் பிள்ளையிடம் இருப்பது என்ற கேள்வி ஒவ்வொரு மணி நேரமும் எழுந்திருக்கும். நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து வந்து கைக்குழந்தையைத் தூக்கினால் அதற்கும் தொற்றலாம். தூக்காமலும் இருக்க முடியாது.

கேதரின் அந்த நாட்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். எந்தப் பிள்ளை எப்போது என்ன சொன்னது, எந்த ஜெபத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டது, எந்தப் பாட்டு என்று எல்லாம். அது இருபதாண்டுக்கும் மேல் வெளியே வரவில்லை. அவர் இறந்த பிறகு, கணவர் கேட்டுக்கொண்டபடி, 1879-இல் அச்சானது. பிள்ளையை இழந்த எத்தனையோ பேர் அதை வாங்கிப் படித்தார்கள்.

இன்று அதைப் படிக்கிறவர்கள் சிலர், இந்தத் தாய்க்குக் கோபமே வரவில்லையா, துக்கத்தைப் பக்தியால் மூடி மறைத்துவிட்டாரா என்று கேட்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மறைக்க நினைக்கிறவர் இவ்வளவு நுணுக்கமாக எழுதமாட்டார். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக, அதனதன் குணத்தோடு எழுதியிருக்கிறார். ஐந்து என்ற எண்ணிக்கைக்குள் யாரும் கரைந்துபோகக் கூடாது என்ற தவிப்பு அதில் இருக்கிறது. அவருடைய விசுவாசம் உண்மை. மனம் நொறுங்கியதும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

கார்லைல் பேராலயத்தின் வடபுறச் சிறகில் அந்த ஐந்து பெண்களின் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இன்றும் இருக்கிறது.

லண்டன்

ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், டெய்ட்டை லண்டன் பிஷப்பாக நியமிப்பதாகப் பிரதமர் பாமர்ஸ்டனிடமிருந்து கடிதம் வந்தது. நவம்பர் 23-ஆம் தேதி அபிஷேகம். அதற்குமுன் எங்கேயும் பிஷப்பாக இருந்திராத ஒருவரை நேராக லண்டனுக்குக் கொண்டுபோவது வழக்கமில்லை. அரசி விக்டோரியாவுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்பட்ட இரக்கமும் ஒரு காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளை இழந்த துக்கம் அப்பாவின் பதவி உயர்வோடு பின்னிக்கொண்டதை அந்தத் தாய் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? இதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

புது ஊர், புது வீடு. தேம்ஸ் கரையில் ஃபுல்ஹாம் அரண்மனை. அங்கே எடித் 1858-இலும் ஆக்னஸ் 1860-இலும் பிறந்தார்கள். ஒன்பது பிள்ளைகள் பெற்ற வீட்டில் நான்கு பேர்.

பிஷப்பின் மனைவிக்கு இங்கிலாந்தில் பட்டம் எதுவும் கிடையாது. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் அரச குடும்பத்துக்கு அடுத்த வரிசையில் நிற்பவர். அவர் மனைவி வெறும் மிஸஸ் டெய்ட். அந்த மிஸஸ் டெய்ட் செய்த வேலையோ ஓர் அலுவலகத்துக்குச் சமம். திருமண்டலத்துக் குருமார் குடும்பங்களை ஃபுல்ஹாம் தோட்டத்துக்கு அழைத்து விருந்து வைப்பார். லண்டனில் ஒரு மூலையில் வறுமையோடு ஊழியம் செய்யும் குருவின் மனைவிக்கு, தன்னை யாரோ நினைத்துப்பார்க்கிறார்கள் என்று தோன்றுவது அன்று ஒருநாள்தான். வீட்டுக் கணக்கையும் அவரே பார்த்தார். மருத்துவமனைகள், ஏழைகள் விடுதி, சிறுமிகளின் வகுப்பு என்று வாரம் முழுக்க ஓட்டம்.

1866 கோடையில் லண்டனின் கிழக்குப் பகுதியில் காலரா வந்தது. குடிநீர் நிறுவனம் விட்ட அசுத்தத் தண்ணீரால் பரவியது அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பணமுள்ளவர்கள் ஊரைவிட்டுப் போன நேரத்தில் பிஷப்பும் மனைவியும் அந்தத் தெருக்களுக்குள் போனார்கள். கேதரின் மருத்துவமனை வார்டுகளில் படுக்கை படுக்கையாக நடந்தார். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் மனைவி கேதரின் கிளாட்ஸ்டன் ஆண் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார், கேதரின் டெய்ட் பெண் பிள்ளைகளை. முதலில் ஃபுல்ஹாமில் ஒரு வீடு எடுத்து வைத்தார்கள். பிறகு அது கென்ட் கடற்கரையில், தானெட் பகுதியில், செயின்ட் பீட்டர்ஸ் அனாதை இல்லமாக வளர்ந்தது.

பத்து ஆண்டுக்கு முன் தொற்றுநோயில் ஐந்து பெண் பிள்ளைகளைக் கொடுத்த தாய், தொற்றுநோய் நடமாடும் இடத்துக்குத் தானாகவே போய்ப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அப்போது 10, 8, 6 வயதில் மூன்று மகள்கள். இதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

1868-இல் கேன்டர்பரி காலியானது. பிரதமர் டிஸ்ரேலி மனதில் வேறு ஆள். அரசி விடவில்லை, டெய்ட் ஆர்ச்பிஷப் ஆனார். ஓராண்டு முடிவதற்குள், 1869 நவம்பரில், மூளையைத் தாக்கும் வலிப்பு வந்து விழுந்தார். மறுபடியும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தேற்றி எடுத்தார். தானெட்டில், அனாதை இல்லத்தின் அருகே, ஸ்டோன்ஹவுஸ் என்று ஒரு வீடு சொந்தமாக வாங்கினார்கள். லாம்பெத் அரண்மனையும் ஆடிங்டன் மாளிகையும் பதவியோடு வந்தவை, பதவியோடு போய்விடும். ஸ்டோன்ஹவுஸ் மட்டும்தான் அவர்களுடையது.

1878

கிராஃபர்ட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1874-இல் குருப்பட்டம் பெற்று, அப்பாவுக்குச் சாப்ளினானார். அதாவது கடிதம் எழுதுவது, ஆட்களைச் சந்திப்பது, பயண ஏற்பாடு எல்லாம் பார்க்கும் அந்தரங்கச் செயலாளர் மாதிரி. அவருக்குப் பின் 1877-இல் அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய நண்பர் ராண்டல் டேவிட்சன். அந்த ஆண்டு கிராஃபர்ட் அமெரிக்கத் திருச்சபையைப் பார்த்துவிட்டு வந்தார். லண்டனில் ஒரு நல்ல சபையும் காத்திருந்தது. உடம்பு விழுந்துவிட்டது. 1878 மே 29-ஆம் தேதி ஸ்டோன்ஹவுஸில் இறந்தார். முப்பது வயதுகூட நிறையவில்லை.

கார்லைலில் ஐந்து பெண்கள் போனபோது தப்பிய ஒரே மகன் அவர்.

ஜூலை 2-ஆம் தேதி லாம்பெத் மாநாடு தொடங்கியது. உலகெங்கும் இருந்த ஆங்கிலிக்கன் பிஷப்புகள், அதாவது இங்கிலாந்து திருச்சபை மரபைச் சேர்ந்த பிஷப்புகள், 100 பேர் கூடினார்கள். டெய்ட்தான் தலைமை. மகனை அடக்கம் செய்து ஐந்து வாரம். வந்த பிஷப்புகளையும் அவர்கள் குடும்பங்களையும் வரவேற்று உபசரிக்க வேண்டியவர் கேதரின். செய்தார்.

இங்கேதான் இந்த நிகழ்வின் உயிர்ப்புள்ளி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மாநாட்டைத் தள்ளிவைக்க முடியாது; கடல் கடந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பதவியில் இருப்பவர் போய்த்தான் ஆகவேண்டும், அது அவர் கடமை. மனைவிக்கு அப்படி எந்தக் கடமையும் எழுத்தில் இல்லை. நான் மேலே என் அறைக்குப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த வீட்டில் அவர் போனால் மாநாடு நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திருச்சபை வரலாறு அந்த மாநாட்டைப் பற்றிப் பேசும்போது தீர்மானங்களைப் பேசுகிறது. அந்தப் படிக்கட்டில் நின்று கைகொடுத்த தாயைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கவேண்டும்.

நவம்பர் 12-ஆம் தேதி எடித்துக்கும் ராண்டல் டேவிட்சனுக்கும் கல்யாணம். டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம் தொடங்கும் அட்வென்ட் ஞாயிறு, எடின்பரோவில் கேதரின் காலமானார். கல்யாணம் முடிந்து மூன்று வாரம்கூட இல்லை. ஆடிங்டனில் மகனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

டெய்ட் இன்னும் நான்கு ஆண்டு இருந்தார். எடித் கணவரோடு லாம்பெத்திலேயே தங்கிவிட்டார். லூசியும் ஆக்னஸும் உடன் இருந்தார்கள். அம்மா செய்த வேலையை மகள்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். 1882 டிசம்பர் 3, அதுவும் ஓர் அட்வென்ட் ஞாயிறு, ஆடிங்டனில் டெய்ட் இறந்தார்.

லூசி

அந்தக் காலத்தில் ஆர்ச்பிஷப்புகள் ஓய்வு பெறும் வழக்கம் இல்லை. பதவியிலேயே இறப்பார்கள். குடும்பத்துக்கு அதன் அர்த்தம் என்னவென்றால், அப்பா இறக்கும் நாளும் வீடு கைவிட்டுப்போகும் நாளும் ஒன்று. புது ஆர்ச்பிஷப் வருவார், அவர் குடும்பம் வரும், அறைகளைக் காலி செய்யவேண்டும். லூசிக்கு அப்போது 26 வயது. லாம்பெத் அவர் 12 வயதிலிருந்து வளர்ந்த வீடு.

அடுத்து வந்தவர் எட்வர்ட் ஒயிட் பென்சன். அவர் வீட்டுக் கதை தனியே எழுதவேண்டிய கதை; இங்கே லூசியோடு சேரும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன். மனைவி மேரி, உறவுக்காரப் பெண். மேரிக்கு 12 வயதாக இருக்கும்போதே பென்சன் கல்யாணப் பேச்சை எடுத்து, 18 வயதில் மணந்துகொண்டார். இதை எந்தக் காலத்து வழக்கத்தைச் சொல்லியும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மேரி அந்தத் திருமணத்தில் பட்ட தனிமையை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆறு பிள்ளைகள். மூத்த மகன் மார்ட்டின் வின்செஸ்டர் பள்ளியில் படிக்கும்போது 17 வயதில் இறந்தான். அதுவும் 1878-இல், பிப்ரவரியில். கேன்டர்பரிக்கு அடுத்தடுத்து வந்த இரண்டு குடும்பங்களும் ஒரே ஆண்டில் தலைமகனை இழந்தன.

1890-இல் பென்சனின் மூத்த மகள் நெல்லி தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் லூசி டெய்ட் லாம்பெத்துக்குத் திரும்பி வந்தார், பென்சன் குடும்பத்தில் ஒருவராக. சிறுவயதில் அப்பாவின் மகளாக ஓடி விளையாடிய அதே வீடு. லாம்பெத்தைச் சுற்றியிருந்த ஏழைகள் நடுவே வேலை செய்தார். மேரிக்கு மிக நெருங்கிய துணையானார்.

1896 அக்டோபர் 11, ஞாயிறு. அயர்லாந்துப் பயணம் முடித்து வரும் வழியில் கிளாட்ஸ்டன் வீட்டில் தங்கியிருந்த பென்சன், ஹாவர்டன் ஆலயத்தில் காலை ஆராதனையில் முழங்காலில் நின்றபடியே இறந்தார். பாவ அறிக்கை சொல்லி முடித்த நேரம். மேரியும் அந்தப் பயணத்தில் கூடவே இருந்தார். கணவரும் போய், லாம்பெத்தும் ஆடிங்டனும் ஒன்றாகப் போயின. ஐம்பத்தைந்து வயதில் எங்கே போய் வாழ்வது என்று யோசிக்கவேண்டிய நிலை. அந்தக் குளிர்காலத்தை எகிப்தில் கழித்தார்கள். அங்கே மகள் மேகி, கர்னாக்கில் முத் என்ற பண்டைய எகிப்தியத் தேவதையின் கோயிலைத் தோண்டி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அங்கே அகழாய்வு செய்ய அனுமதி பெற்ற முதல் பெண் அவர். பிறகு வின்செஸ்டரில் கொஞ்ச காலம். 1899-இலிருந்து சசெக்ஸில், ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் ஊரில், ட்ரெமன்ஸ் என்ற பழைய வீடு. எல்லா இடத்திலும் லூசி உடன் இருந்தார்.

வீடு மாறி மாறிப் பழகிய பெண் லூசிதான். இதை மேரிக்குச் சொல்லிக்கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். மேகிக்கு லூசிமேல் மனத்தாங்கல் உண்டு. அம்மாவைப் பிரித்துவிட்டார் என்று. மேகி 1907-இல் மனநோயில் விழுந்து மீளவே இல்லை, 1916-இல் இறந்தார். கடைசி மகன் ஹியூ, ஆர்ச்பிஷப்பின் பிள்ளை, 1903-இல் கத்தோலிக்கரானார். ஆங்கிலிக்கன் உலகம் அதைப் பெரிய இடியாக எடுத்துக்கொண்டது. மேரி மகனைக் கைவிடவில்லை. ஆறு பிள்ளைகளில் யாருமே கல்யாணம் செய்யவில்லை. அவ்வளவு பெரிய அப்பாவின் நிழலில் வளர்ந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அப்பாவிடமே இருந்த கடும் மனச்சோர்வு பிள்ளைகளிடமும் வந்ததை மறந்துவிட்டு அப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எடித்தின் கதை வேறு மாதிரி. கணவர் டேவிட்சன் 1883-இல் வின்ட்சர் டீன், பிறகு ரோச்செஸ்டர் பிஷப், வின்செஸ்டர் பிஷப், 1903-இல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப். எடித் மகளாக வளர்ந்த லாம்பெத்துக்கு இருபது ஆண்டு கழித்து வீட்டுத்தலைவியாகத் திரும்பினார். எந்தக் கதவு குளிர்காலத்தில் சிக்கும், எந்த அறையில் வெளிச்சம் அதிகம் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் வந்து அமர்ந்தது அந்த அரண்மனைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! 25 ஆண்டு இருந்தார்கள். 1928-இல் டேவிட்சன் தானாகவே பதவி விலகினார். அப்படி ஓய்வு பெற்ற முதல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் அவர். மாமனார் இறந்தபோதும், பென்சன் இறந்தபோதும் வீட்டுப் பெண்கள் என்ன பட்டார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். எடித்தோடு சேர்ந்து, இருவரும் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

மேரி பென்சன் 1918-இல் காலமானார். லூசிக்கு அப்போது 62 வயது. மறுபடியும் ஒரு வீட்டை விட்டுப் போகவேண்டியிருந்தது. எடித் 1936-இல் போனார். ஒன்பது பிள்ளைகளில் முதுமையைப் பார்த்தவர்கள் இந்த இரண்டு பெண்கள் மட்டும்.

லூசி 1938-இல் இறந்தார். கார்லைல் வீட்டில் ஐந்து அக்காமார்களைக் கொண்டுபோன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடக்கும் முதல் மாத்திரை, ப்ரோன்டோசில், மருந்துக்கடைகளுக்கு வந்து அப்போது மூன்று ஆண்டு ஆகியிருந்தது.